படம் வரைந்து பாகம் குறித்தால் போதுமா? - தசைக்குள் ஓடும் வாய்க்கால்கள்

உயிரியல் தேர்வு எழுதிய யாரைக் கேட்டாலும் இந்தக் கேள்வி நினைவிருக்கும். "வரித்தசை நாரின் படம் வரைந்து பாகங்களைக் குறி." ஐந்து மதிப்பெண். நீளவாக்கில் நாலு உருளைகள், அவற்றின் மேல் வலை மாதிரி சில கோடுகள், குறுக்கே இரண்டு குழாய்கள். பென்சிலைக் கூராக்கி, ஸ்கேல் வைத்து அம்புக்குறி போட்டு, 'சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்', 'டி-குழாய்', 'டிரையாட்' என்று எழுதிவிட்டால் ஐந்தும் கிடைத்துவிடும். அவ்வளவுதான். மார்க் வாங்கியாச்சு, மறந்தாச்சு!

அந்தக் குழாய் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால்? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் விழிப்பார்கள். மிச்சமிருப்பவர்கள் "தூண்டலைக் கடத்துவதற்கு" என்று புத்தகத்து வரியை ஒப்பிப்பார்கள். எங்கிருந்து எங்கே கடத்துகிறது? குழாய் இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும்? அதெல்லாம் தேர்வில் வராது.

இது மாணவர்கள் மேல் உள்ள குற்றம் இல்லை. கேள்வியைச் சொல்லாமல் விடையை மட்டும் படமாகப் போட்டுக் கொடுக்கிற பாடமுறையின் குற்றம். இதில் வேடிக்கை என்னவென்றால், இதே தப்பை அறிவியல் உலகமே ஒருமுறை செய்திருக்கிறது. அதுவும் இதே குழாய் விஷயத்தில். விடை கையில் கிடைத்தும், அது எந்தக் கேள்விக்கான விடை என்று தெரியாததால், ஐம்பது வருஷம் அலமாரியில் தூங்கவிட்டது.

1902. இத்தாலியின் பாவியா நகரம். காமில்லோ கால்ஜியின் ஆய்வகம் (செல்லுக்குள் இருக்கும் 'கால்ஜி உறுப்பு' இவர் பெயரில்தான்). அங்கே எமிலியோ வெராட்டி என்ற இளைஞர் வேலை பார்த்தார். நரம்புச் செல்களைக் கறுப்பாக்கிக் காட்ட கால்ஜி 1873-ல் கண்டுபிடித்த வெள்ளிச் சாயமுறையை, வெராட்டி தசைக்குப் போட்டுப் பார்த்தார். பலவகை விலங்குகளின் தசை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது நாரின் குறுக்காக, வரிக்கு வரி, ஒழுங்கான ஒரு நுண்ணிய வலை தெரிந்தது. அதைப் பொறுமையாக வரைந்து வெளியிட்டார். இன்றைக்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படத்தோடு வைத்துப் பார்த்தாலும் அந்தப் படங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

இதில் ஒரு சுவாரசியம். தசைக்குள் இருக்கும் குறுக்குக் குழாயின் விட்டம் சில பத்து நானோமீட்டர்தான். சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்பில் ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் கீழே எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. அப்புறம் எப்படித் தெரிந்தது? வெள்ளி படிந்து படிந்து குழாய் தடித்துக் கறுத்துப்போனதால் தெரிந்தது. மெல்லிய கம்பிக்குத் தார் பூசின மாதிரி.

ஆனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. கட்டுரை இத்தாலிய மொழியில், மிலானிலிருந்த ஒரு அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் வந்தது என்பது ஒரு காரணம். வெள்ளிச் சாயம் ஒருநாள் பிடிக்கும், ஒருநாள் பிடிக்காது. தெரிவது நிஜமா சாயத்தின் சேட்டையா என்ற சந்தேகம் இன்னொரு காரணம். இவை இரண்டையும்விடப் பெரிய காரணம், அந்த வலையால் யாருக்கும் எந்தத் தேவையும் இருக்கவில்லை என்பதுதான். அப்போதைய தசை ஆராய்ச்சி வெப்பத்தின் பின்னாலும் லாக்டிக் அமிலத்தின் பின்னாலும் போய்க்கொண்டிருந்தது. 1922-ம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில்லுக்கும் ஓட்டோ மேயர்ஹோஃபுக்கும் இந்த வேலைகளுக்காகத்தான் கிடைத்தது. வேதியியல்காரர்கள் தசையை அரைத்துச் சாறெடுத்துப் படித்தார்கள். அம்மியில் அரைத்த பிறகு குழாயை எங்கே தேடுவது?

கேள்வி வந்தது 1948-ல். கேட்டவர் அதே ஹில். அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

ஒரு தசை நார் என்பது ஒரே ஒரு செல். மனிதனில் அதன் தடிமன் 10 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். செல் என்று பார்த்தால் இது ரொம்பப் பருமன். நரம்பு கொடுக்கும் தூண்டல், மின்மாற்றமாக அந்த நாரின் மேல்சவ்வில்தான் ஓடுகிறது. ஆனால் சுருங்கவேண்டிய இழைகள் நாரின் நட்டநடு மையம் வரை அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. மேலே வந்த செய்தி உள்ளே எப்படிப் போகும்?

ஏதோ ஒரு பொருள் மேல்சவ்விலிருந்து கரைந்து பரவி உள்ளே போகிறது என்பது சுலபமான பதில். கால்சியத்தை நாருக்குள் ஊசியால் செலுத்தினால் தசை சுருங்குகிறது என்று 1947-ல் ஹெய்ல்ப்ரனும் வியர்சின்ஸ்கியும் காட்டியிருந்தார்கள். ஆகவே கால்சியம் மேலிருந்து உள்ளே பரவுகிறது என்று வைத்துக்கொண்டால் கதை முடிந்தது போலத்தான் தோன்றும்.

ஹில் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். கரைந்த பொருள் பரவுவதற்கு ஆகும் நேரம், தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு மைக்ரோமீட்டர் பரவ ஒன்றிரண்டு மில்லிநொடி ஆகிறதென்றால், 50 மைக்ரோமீட்டர் பரவ 50 மடங்கு அல்ல, 2500 மடங்கு நேரம் ஆகும். அதாவது சில வினாடிகள். நிஜத் தவளைத் தசையோ, தூண்டல் வந்து ஒரு வினாடியின் சின்னத் துணுக்குக்குள் நடு மையம் வரை முழுமூச்சாக வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. பரவலை நம்பியிருந்தால் தவளை தாவுவதற்குள் பாம்பு சாப்பிட்டு முடித்து ஏப்பமும் விட்டிருக்கும்!

வயல் தெரிந்தவர்களுக்கு இது புதுசில்லை. பத்து ஏக்கர் வயலின் நடுவிலுள்ள பயிருக்கு வரப்போரத்துத் தண்ணீர் கசிந்து போய்ச் சேரட்டும் என்று யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. வாய்க்கால் வெட்டுவார்கள். தசைக்குள்ளும் ஏதோ ஒரு வாய்க்கால் இருந்தே ஆகவேண்டும் என்பதுதான் ஹில்லின் கணக்கு சொன்ன சேதி. (பாவம், வெராட்டி அந்த வாய்க்காலை வரைந்து வைத்து 46 வருஷம் ஆகியிருந்தது.)

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்தது. 1953-ல் பென்னட், போர்ட்டர் இருவரும் கோழியின் மார்புத் தசையில் இந்தச் சவ்வு வலையைப் பார்த்தார்கள். 1957-ல் போர்ட்டரும் ஜார்ஜ் பலாடேயும் அதை விளக்கமாக எழுதினார்கள். ஒவ்வொரு மயோஃபைப்ரில்லையும் (தசை நாருக்குள் நீளவாக்கில் ஓடும் உருளை) ஒரு சவ்வுப் பை சட்டை மாதிரி போர்த்தியிருக்கிறது. சட்டையின் இரண்டு முனைகளும் தொட்டி போல உப்பியிருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துச் சட்டைகளின் இரண்டு தொட்டிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய குறுக்குக் குழாய். தொட்டி, குழாய், தொட்டி - இந்த மூன்றின் கூட்டுதான் டிரையாட். தொட்டிக்கு வைத்த லத்தீன் பெயரான 'சிஸ்டர்னா'வுக்கும் தண்ணீர்த் தொட்டி என்றுதான் அர்த்தம்.

வெராட்டியின் கட்டுரை 1961-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, செல் உயிரியலின் முன்னணிப் பத்திரிகை ஒன்றில் மறுபடி அச்சானது. அப்போது அவர் உயிரோடு இருந்தார். தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார்.

படம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் குழாய்தான் ஹில் தேடிய வாய்க்கால் என்பதற்கு என்ன ஆதாரம்? இங்கேதான் பாடப்புத்தகங்கள் விட்டுவிடும் மிக அழகான பரிசோதனை வருகிறது.

ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ராபர்ட் டெய்லரும் 1955 முதல் 1958 வரை செய்த வேலை அது. தவளையிலிருந்து ஒரே ஒரு தசை நாரைப் பிரித்தெடுத்தார்கள். மிக நுண்ணிய கண்ணாடிக் குழலின் முனையை நாரின் மேல் ஒற்றி, அந்த இடத்தில் மட்டும் லேசான மின்தூண்டல் கொடுத்தார்கள். பெரும்பாலான இடங்களில் ஒன்றுமே நடக்கவில்லை. முனை இசட் கோட்டுக்கு நேராக வரும்போது மட்டும், அதுவும் அந்தக் கோட்டிலேயே சில குறிப்பிட்ட புள்ளிகளில் மட்டும், அந்த ஒரு வரி சுருங்கியது. சுருக்கம் நீளவாக்கில் பக்கத்து வரிக்குப் பரவாமல் உள்நோக்கிப் போனது. கதவு எங்கே இருக்கிறது என்று சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்த மாதிரி!

அப்போது அவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? இசட் கோடே ஒரு சவ்வு, அதுதான் செய்தியை உள்ளே கொண்டுபோகிறது என்று. நியாயமான ஊகம்தான். பிறகு நண்டின் தசையில் அதையே செய்து பார்த்தார்கள். கதவுகள் இசட் கோட்டில் இல்லை! ஏ பட்டையும் ஐ பட்டையும் சந்திக்கும் எல்லையில் இருந்தன. பல்லி இனத் தசையிலும் அப்படியே. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்களைப் பார்த்தால், தவளையில் டிரையாட் இருப்பது இசட் கோட்டில். பல்லியில் இருப்பது ஏ-ஐ எல்லையில். எங்கே குழாயோ அங்கேதான் கதவு. இசட் கோடு ஊகம் கைவிடப்பட்டது, குழாய் ஜெயித்தது.

ஒரு கெட்டிக்கார ஆள் தப்பாக ஊகித்து, ஒரு நண்டால் திருத்தப்பட்ட கதை இது. இதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் ஆகுமா? 'மனிதனில் டிரையாட் ஏ-ஐ எல்லையில் உள்ளது, தவளையில் இசட் கோட்டில் உள்ளது' என்ற ஒற்றை வரியை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு அது ஒரு எரிச்சலூட்டும் விவரம். கதை தெரிந்தவனுக்கு அது துப்பறியும் கதையின் முடிச்சு.

படத்தின் இன்னொரு பெரிய ஏமாற்று, நிறம். பல புத்தகங்களில் டி-குழாயும் அதன் இருபக்கத் தொட்டிகளும் ஒரே மாதிரிக் குழாய்களாக, ஒரே குடும்பத்து நிறத்தில் இருக்கும். பார்க்கிறவர்கள் இரண்டும் ஒன்றோடொன்று இணைந்த வலை என்றே எடுத்துக்கொள்வார்கள். நிஜம் நேர் எதிர். டி-குழாய் என்பது மேல்சவ்வே உள்நோக்கி மடிந்து போன பள்ளம். அதற்குள் இருப்பது செல்லின் உள்திரவம் கிடையாது, வெளியிலிருக்கும் திரவம்! 1964-ல் ஹியூ ஹக்ஸ்லி (ஆண்ட்ரூவுக்கு உறவு இல்லை, பெயர்ப் பொருத்தம்தான்) தவளைத் தசையை ஃபெரிட்டின் கரைசலில் ஊறப்போட்டார். ஃபெரிட்டின் இரும்பு உள்ள பெரிய புரதம். சவ்வைத் தாண்டாது, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கரும்புள்ளியாகத் தெரியும். பார்த்தால் தசையின் ஆழத்தில், டி-குழாய்களுக்குள் கரும்புள்ளிகள். பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் தொட்டிக்குள் ஒன்றுகூட இல்லை.

அதாவது தசை நாரின் நட்டநடுவில் நின்றுகொண்டு கையை நீட்டினால் வெளியுலகைத் தொடலாம். லியோனார்ட் பீச்சி 1965-ல் தவளையின் தொடைத் தசையை அளந்து பார்த்தார். டி-குழாய்கள் நாரின் கனஅளவில் வெறும் 0.3 சதவீதம். ஆனால் 100 மைக்ரோமீட்டர் பருமனுள்ள ஒரு நாரில் அவற்றின் பரப்பு, வெளித்தோல் பரப்பைப்போல் ஏழு மடங்கு. சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் கனஅளவில் 13 சதவீதம். தசை செல்லின் 'மேற்பரப்பு' பெரும்பாலும் செல்லின் உள்ளேதான் இருக்கிறது! டி-குழாயின் உட்புறத்துக்கும் செல்லின் வெளிப்புறத்துக்கும் ஒரே நிறம் அடித்தாலே போதும், இந்த விஷயம் ஒரு பார்வையில் புரிந்துவிடும். இதற்குப் பெரிய கல்விச் சீர்திருத்தம் எல்லாம் தேவையில்லை, ஒரு கலர் பென்சில் போதும்.

சரி, குழாய் வழியாக மின்செய்தி உள்ளே வந்துவிட்டது. குழாயும் தொட்டியும் ஒட்டவில்லை, நடுவில் பத்துப் பன்னிரண்டு நானோமீட்டர் இடைவெளி. கால்சியம் இருப்பது தொட்டியில். செய்தி இருப்பது குழாயில். இடைவெளியைத் தாண்டுவது எப்படி?

1970-ல் கிளாரா ஃபிரான்சினி-ஆம்ஸ்ட்ராங் இந்த இடைவெளியில் வரிசையாக நிற்கும் சின்னச்சின்னக் கட்டைகளை விவரித்து, அவற்றுக்கு 'பாதங்கள்' என்று பெயர் வைத்தார். அவை எதனால் ஆனவை என்று தெரியப் பல வருஷம் பிடித்தது. ரயானியா என்ற தென்னமெரிக்கச் செடியிலிருந்து எடுக்கும் ரயனோடின் என்ற நஞ்சு அந்தப் பாதங்களில்தான் போய் ஒட்டுகிறது என்பது 1980-களின் பிற்பகுதியில் தெளிவானது. ரயனோடின் ஏற்பி என்று பெயர். கால்சியத் தொட்டியின் மடைக்கதவு அதுதான். எதிர்ப்பக்கம் குழாயின் சவ்வில் வேறொரு புரதம், மின்னழுத்தத்தை உணரும் கண்காணி. மின்மாற்றம் வந்ததும் கண்காணி லேசாக அசைகிறது. அந்த அசைவே மடையைத் திறக்கிறது. கைப்பிடியை அழுத்தினால் தாழ்ப்பாள் திறப்பது போல. தொட்டியில் இருக்கும் கால்சியம், வெளியே இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு செறிவானது. மடை திறந்ததும் கொட்டுகிறது. பக்கத்து இழைகளை அடைய அதற்கு ஒரு மைக்ரோமீட்டர் பயணம் போதும். ஹில்லின் கணக்கின்படி ஒன்றிரண்டு மில்லிநொடி. கணக்கு நேராகிவிட்டது!

பிறகு இறைத்த தண்ணீரை மறுபடி தொட்டிக்கு ஏற்றவேண்டுமே? சட்டை முழுக்க நெருக்கமாகப் பதிந்திருக்கும் கால்சிய பம்புகள் அதைச் செய்கின்றன. இரண்டு கால்சியம் ஏற்ற ஒரு ஏடிபி செலவு. தசை தளர்வது சும்மா நடக்கும் காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். தளர்வதற்கும் காசு கொடுத்தாக வேண்டும். இறந்த உடல் விறைப்பதில் இதற்கும் பங்கு உண்டு: ஏடிபி தீர்ந்ததும் பம்பும் நின்றுபோகிறது, இழைகளும் விடுபட முடியாமல் பிடித்துக்கொள்கின்றன.

இதயத் தசையில் இந்த ஏற்பாடு கொஞ்சம் மாறுகிறது. அங்கே கண்காணி அசைந்தால் மட்டும் போதாது. அதன் வழியாக வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் உள்ளே நுழையவேண்டும். அந்தச் சிறு கால்சியம்தான் தொட்டியின் பெரிய மடையைத் திறக்கிறது. 1883-ல் லண்டனில் சிட்னி ரிங்கர், தவளை இதயம் குழாய்த் தண்ணீரில் தயாரித்த உப்புக் கரைசலில் துடிப்பதையும், காய்ச்சி வடித்த நீரில் தயாரித்ததில் நின்றுபோவதையும் கண்டது இதனால்தான். குழாய்த் தண்ணீரில் கால்சியம் இருந்தது. கால் தசையோ அப்படி இல்லை. வெளியே இருக்கும் கால்சியத்தை முழுக்க நீக்கிவிட்டாலும் அது சுருங்கும் என்று 1972-ல் காட்டப்பட்டது.

பாட்டி தினமும் போடும் ரத்த அழுத்த மாத்திரை ஆம்லோடிபினாக இருந்தால், அது ஒட்டுகிற புரதக் குடும்பமும் இந்தக் கண்காணியின் குடும்பமும் ஒன்றே. கால்சியம் நுழையும் வழியை அடைத்து ரத்தக் குழாய்த் தசையைத் தளர்த்துகிறது. அப்படியானால் பாட்டியின் கைகால் தசை ஏன் செயலிழக்கவில்லை? கைகால் தசைக்கு அந்த வழியாகக் கால்சியம் வரவேண்டிய அவசியமே இல்லை. அங்கே கண்காணி அசைந்தாலே போதும். படத்தில் எல்லாம் ஒரே மாதிரிக் கோடுகள்தான்...

விலங்குகளில் இந்தச் சவ்வு எப்படி மாறுகிறது என்பதைப் பார்த்தாலே அது எதற்காக என்பது விளங்கும். டோட்ஃபிஷ் என்று ஒரு அட்லாண்டிக் மீன். ஆண் மீன் பெண்ணை அழைக்க, காற்றுப்பையை ஒட்டிய தசையை வினாடிக்கு 200 தடவை வரை சுருக்கி ஊளையிடும். அந்தத் தசைக்குள் சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது; 1961-ல் ஃபாசெட்டும் ரெவலும் அதைப் படமெடுத்தார்கள். வேகம் வேண்டுமானால் கால்சியத்தைக் கொட்டவும் அள்ளவும் நிறைய சவ்வு வேண்டும். அப்படியானால் அதே வேகத்தில் சிறகடிக்கும் ஈயின் தசையில் இன்னும் அதிகம் இருக்கவேண்டுமே? இல்லை, அங்கே மிகக் குறைவு! காரணம், ஈ ஒவ்வொரு சிறகடிப்புக்கும் ஒரு நரம்புத் தூண்டல் அனுப்புவதில்லை. கால்சியம் ஒரே அளவில் நிற்க, தசை இழுபடுவதாலேயே மறுபடி சுருங்குகிறது. கொட்டி அள்ளும் வேலை இல்லை, அதனால் தொட்டியும் இல்லை. ஒவ்வொரு அடிப்புக்கும் தனித் தூண்டல் அனுப்பும் தட்டானின் தசையில் தொட்டிகள் தாராளமாக இருக்கின்றன. வாள்மீனின் கண்ணருகே ஒரு தசை இருக்கிறது. அதில் சுருங்கும் இழைகளே அநேகமாகக் கிடையாது. சவ்வும் மைட்டோகாண்ட்ரியாவும் மட்டுமே. கால்சியத்தைக் கசியவிட்டு, பம்பை ஓடவிட்டு, வரும் வெப்பத்தில் கண்ணையும் மூளையையும் சூடாக வைத்துக்கொள்கிறது!

சுவையான தகவல்கள், இதெல்லாம் யாருக்கு உபயோகம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக 1960-ல் மெல்போர்னில் நடந்த சம்பவம். கால் முறிந்து வந்த 21 வயது இளைஞர். காலைவிட மயக்க மருந்தை நினைத்துத்தான் அதிகம் பயந்தார். காரணம், அவர் உறவினர்களில் பத்துப் பேர் அறுவை மேசையில் ஈதர் மயக்கத்தில் செத்துப்போயிருந்தார்கள். ஈதர் வேண்டாம் என்று ஹாலோத்தேன் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் உடல் கொதித்தது, ரத்த அழுத்தம் விழுந்தது. உடனே மருந்தை நிறுத்தி, பனிக்கட்டி வைத்துக் குளிர்வித்தார்கள். பிழைத்தார். மைக்கேல் டென்பரோவும் ரிச்சர்ட் லவலும் அதே ஆண்டு 'லான்செட்'டில் இதை எழுதினார்கள். மயக்க மருந்தால் வரும் கொடும் உடல்வெப்பம் பரம்பரையாக வரும் ஒரு நோய் என்று உலகம் தெரிந்துகொண்டது அதிலிருந்துதான்.

என்ன நடக்கிறது? மடைக்கதவில் பிழை. சில மயக்க மருந்துகள் பட்டதும் ரயனோடின் ஏற்பி திறந்து, மூட மறுக்கிறது. கால்சியம் கொட்டிக்கொண்டே இருக்கிறது, பம்புகள் அள்ளிக்கொண்டே இருக்கின்றன, ஏடிபி எரிகிறது, உடல் சூடாகிறது. வாள்மீன் கண்ணுக்குச் செய்துகொண்ட ஹீட்டர் இங்கே முழு உடம்பிலும், நிறுத்த சுவிட்ச் இல்லாமல்! பன்றிகளிலும் இதே நோய் உண்டு. 1975-ல் தென்னாப்பிரிக்காவில் காய்ஸ்ஃபோர்ட் ஹாரிசன் அந்தப் பன்றிகளுக்கு டான்ட்ரோலீன் கொடுத்துக் காப்பாற்றிக் காட்டினார். அது கால்சியம் வெளியேறுவதைத் தடுக்கும் மருந்து. 1979-ல் அமெரிக்காவில் மனிதர்களின் இந்த நோய்க்கும் அனுமதி கிடைத்தது. முன்பு இது வந்தால் பத்துக்கு ஏழெட்டுப் பேர் இறந்தார்கள். நல்ல வசதியுள்ள இடங்களில் பிறகு அது பத்தில் ஒருவருக்கும் கீழே வந்தது. 1991-ல் பன்றியின் பிழையும் கண்டுபிடிக்கப்பட்டது. ஐயாயிரம் சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் 615-வது இடத்தில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது.

'மடை' எங்கே, எதற்கு என்று தெரிந்தால்தான் டான்ட்ரோலீன் ஏன் வேலை செய்கிறது என்று புரியும். பாகத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் அது இன்னொரு மருந்துப் பெயர், இன்னொரு மனப்பாடம்.

சிலபஸ் பெரிசு, நேரம் இல்லை, மருத்துவம் போகிறவர்கள் அங்கே போய்ப் படித்துக்கொள்ளட்டும் என்பது ஆசிரியர்கள் சொல்லும் சமாதானம். நேரம் இல்லை என்பது உண்மைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஹில்லின் கணக்குக்குக் கரும்பலகையில் நாலு வரி போதும். இருபத்திரண்டு பாகங்களின் பெயரை ஒப்பிக்க வைக்க ஆகும் நேரத்தில் பாதி. மருத்துவம் போகிறவர்கள் அங்கேயும் படம் வரைந்து பாகம்தான் குறிக்கிறார்கள் என்பது வேறு கதை. போகாதவர்களுக்கோ இதைத் தெரிந்துகொள்ள அந்த ஒரு வருஷம்தான் வாய்ப்பு.

படத்தைத் தூக்கிவிட வேண்டும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. வெராட்டியே படம் வரைந்தவர்தானே. கேள்வித்தாளை மட்டும் கொஞ்சம் மாற்றலாம். இப்படி: "ஒரு தவளையின் தசை நார் 100 மைக்ரோமீட்டர் பருமன் உள்ளது. ஒரு பொருள் ஒரு மைக்ரோமீட்டர் பரவ 2 மில்லிநொடி ஆகும். மேல்சவ்விலிருந்து நாரின் மையத்துக்குப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரம் காத்திராமல் தவளை எப்படித் தாவுகிறது?" இதற்கு மூன்று மதிப்பெண். படத்துக்கு மிச்சம் இரண்டு.

விடை ஐந்து வினாடி. தவளை அதற்குள் குளத்தில்.